இருபத்துநாலு வெள்ளைப் பீங்கான்கள்

1

"கழுவாதேங்கோ றைஸாக்கா! தண்ணி ஊத்தாதேங்கோ! அப்பிடியே வையுங்கோ!"

சுலக்சனா ஓடினாள். ஒரு செருப்பு மணலில் புதைந்து பின்னால் நின்றுவிட்டது. தோள்பை இடுப்பில் அடித்தது. வேலிக் கம்பியில் தாவணி கொளுவி இழுத்தது. இழுத்த இழுப்பில் கிழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கிணற்றடியில் குந்தியிருந்த றைஸா நிமிர்ந்தாள். கையில் வெள்ளைப் பீங்கான் தட்டு, பீங்கான் முழுக்கச் சவர்க்கார நுரை. நுரையிலிருந்து வழிந்த தண்ணீர் கறுப்பாக வாழையடிக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாத ஆராய்ச்சி அந்தத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

"வந்திட்டீங்களா மிஸ்?" றைஸா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. இருமி முடித்து, மார்பைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "இந்தா, முடிஞ்சிது. இரவல் பீங்கானை அழுக்கோட திருப்பித் தாறதா? நாங்க அப்பிடி வளர்ந்த ஆக்களில்ல."

2

இங்கே நிறுத்துகிறேன். இது என் பன்னிரண்டாவது தொடக்கம். மற்றப் பதினொன்றும் குப்பைக் கூடைக்குள் கிடக்கின்றன. இதுவாவது ஓடுகிறது, செருப்பைத் தொலைத்தாலும்.

கதை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடமாக வார இதழ்களுக்குத் தொடர்கதை எழுதிச் சீவிக்கிறவன் நான். போன மாதம் கொழும்பிலிருந்து ஆசிரியர் போன் எடுத்தார்.

"அண்ணை, ஒரே இதழில முடியிற மாதிரி ஒண்டு தாங்க. முதல் பந்தியில ஓட்டம் வேணும். கொலை இருந்தா நல்லம்."

"கொலை இல்லை. ஆராய்ச்சி இருக்கு."

மறுமுனையில் நெடுமூச்சு. "என்ன ஆராய்ச்சி?"

"தாயம், புழுதி, கூரை."

"அண்ணை, சனம் இதைப் பஸ்ஸுக்குள்ள நிண்டுகொண்டு வாசிக்கிறது."

எனக்குத் தெரியாதா? பஸ்ஸுக்குள் நிற்கிற சனத்துக்காகத்தான் நான் பதினேழு பேரைக் கொன்றிருக்கிறேன், மூன்று பேரை உயிரோடு திரும்பவும் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் இந்தக் கதையில் யாரும் கொல்லப்பட மாட்டேன் என்கிறார்கள். இருமிக்கொண்டு உயிரோடு இருக்கிறார்கள். தொடர்கதைக்காரனுக்கு இதைவிட எரிச்சல் என்ன இருக்கிறது?

கைவிட்ட தொடக்கங்களில் இரண்டை மட்டும் காட்டுகிறேன், என் கஷ்டம் உங்களுக்கும் விளங்கட்டும்.

"தாழைமுனையின் மேல் சூளைப் புகை ஒரு கறுத்த..." கறுத்த என்ன? போர்வையா? இத்தனை வருடத்தில் எல்லாப் புகையையும் போர்வையாக்கி முடித்துவிட்டேன்.

"எண்களைச் செவ்வகமாக அடுக்கி இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டால், அதன் பெயர்..." இதை வாசிக்கிற ஆளுக்கு நான் அல்லவா சம்பளம் கொடுக்க வேண்டும்!

3

சரி. கணக்கை ஒரே மூச்சில் விழுங்கிவிடுங்கள், கசப்பு மருந்து மாதிரி.

மதுரங்குளிச் சந்தியிலிருந்து களப்புப் பக்கம் திரும்பினால் நாலு மைல் கட்டையில் தாழைமுனை. [வரைபடத்தில் தேடாதீர்கள். ஊரின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.] அங்கே இரண்டு கரிச்சூளைகள். தேங்காய்ச் சிரட்டையைக் குழிக்குள் போட்டு, மூச்சுமுட்ட எரித்துக் கரியாக்கி, மூட்டை கட்டி அனுப்புவார்கள். கரி கப்பல் ஏறிவிடும். புகை ஊரிலேயே நிற்கும். சோளகக் காற்று அடிக்கிற ஆறு மாதமும் புகை ஒரே திசையில் போகும். அந்தத் திசையில் இருப்பவை தகரக் கூரை வீடுகள். யுத்தத்தில் வடக்கிலிருந்து வந்து, 'இரண்டு கிழமையில் திரும்பிப் போவோம்' என்று கூரை போட்டவர்களின் வீடுகள். காற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் ஓட்டு வீடுகள். அவற்றில் மாடி வீடு, சூளை முதலாளி இன்னாசிப்பிள்ளையுடையது.

2017 ஏப்ரலில் சுலக்சனா வந்தாள். வன்னியில் பிறந்து, புத்தளத்தில் அகதியாகப் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் போனவள். புழுதி யார் தலையில் கூடுதலாக விழுகிறது என்று நிறுத்துக் காட்டப் போகிறாள். ஆராய்ச்சி அவ்வளவுதான். வருமானம் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்பதால் கூரையை வைத்து வீடுகளைப் பிரித்தாள்: தகரம் பதினொன்று, அஸ்பெஸ்டஸ் சீற் ஒன்பது, ஓடு நாலு. ஒவ்வொரு வீட்டின் வெளிச்சுவரிலும் தலை உயரத்தில் ஒரு பலகை அடித்து, அதன் மேல் ஒரு வெள்ளைப் பீங்கானை வைத்தாள். மாதம் ஒரு தரம் வந்து, விழுந்த புழுதியைத் தூரிகையால் கூட்டி, உறையில் போட்டு, நிறுப்பாள்.

வீட்டுக்கொரு நிரை, மாதத்துக்கொரு நிரல். இருபத்துநாலு நிரை, ஆறு நிரல். அதுதான் தாயம், இங்கிலீசில் மற்றிக்ஸ். இன்னொரு தாயமும் அவளிடம் இருந்தது: எந்த மாதம் எந்தப் பக்கம் எவ்வளவு காற்று, சூளைக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம். இவற்றைப் பெருக்கினால் எந்த வீட்டில் எவ்வளவு புழுதி விழ வேண்டும் என்று வரும். விழ வேண்டியதிலிருந்து விழுந்ததைக் கழித்தால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சக் கூடாது.

மருந்து முடிந்தது. வாயைக் கொப்பளியுங்கள்.

4

மிஞ்சியது. மலை மாதிரி மிஞ்சியது.

தகர வீடுகளின் பீங்கான்கள் கல்யாண வீட்டுப் பீங்கான் மாதிரி மின்னின. நானூறு மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று. சீற் வீடுகளும் அப்படியே. ஓட்டு வீடுகளில் மட்டும் கணக்குச் சொன்னபடி கொஞ்சப் புழுதி கிடந்தது. முதலாளி வீட்டில் முப்பது.

ஜூனில் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வந்து பார்த்தால், ஏழு பீங்கான்களில் தொதல் இனிப்புத் துண்டு இருந்தது. இரவல் பீங்கானை வெறுமனே திருப்பக்கூடாதாம்.

சுலக்சனா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு தொதலைச் சாப்பிட்டாள். [என் ஆசிரியர் இந்த வசனத்தை வெட்டுவார். வெட்டாதீர்கள். அவள் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை.]

கழுவ வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னாள். எல்லாரும் "ஓம் மிஸ்" என்றார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள், அடுத்த மாதமும் கழுவினார்கள். "நீங்க கழுவினீங்களா?" என்று கேட்டால், "நாங்களா? இல்லியே! எங்கட பக்கம் புழுதியே இல்ல மிஸ்" என்றார்கள்.

இதற்கிடையில் விபரீதம் ஒன்று நடந்துவிட்டது. ஓகஸ்டில் பல்கலைக்கழகத் திணைக்களம் அவளுடைய இடைக்கால அறிக்கையை, அவள் 'பொறுங்கோ, இது பிழை' என்று கெஞ்சக் கெஞ்ச, அனுப்ப வேண்டிய இடத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டது. அதன் பிரதி ஒன்று இன்னாசிப்பிள்ளையின் கைக்கு வந்தது. அவர் இன்னும் இரண்டு சூளை கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தார்.

"பாருங்க மிஸ்," என்றார் அவர், கதிரையில் சாய்ந்து, தாயத்தை விரலால் தடவி. அவருக்கு உண்மையிலேயே சந்தோசம். "உங்கட கணக்குப்படி இந்த ஊர்ல ஆகக் கூடப் புழுதி தின்றது நான். நானே பேசாம இருக்கன். இவங்களுக்கு என்ன வந்திச்சு?"

"அது பிழை சேர். அவையள் பீங்கானைக் கழுவினவை."

"கழுவினதெண்டு ஆராவது சொன்னாங்களா?"

சொல்லவில்லை. அதே கேள்வியைத்தான் திணைக்களத்தில் அவளுடைய பேராசிரியரும் கேட்டார். "கழுவியதாக ஒரு வீட்டுக்காரராவது கையெழுத்து வைத்துத் தரட்டும். அறிக்கையைத் திரும்பப் பெறலாம். இல்லாவிட்டால் உமக்குப் பிடிக்காத எண்ணை நீர் மறைக்கிறீர் என்றுதான் அர்த்தம்."

புதுச் சூளை அனுமதிக்கான விசாரணை ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் சுலக்சனாவின் பெயர் போட்ட தாயத்தைக் காட்டி அந்தச் சனத்தின் தலைமேல் இன்னும் இரண்டு சூளை கட்டுவார்கள்.

5

இந்த இடத்தில் எனக்குள் இருக்கிற மர்மக்கதைக்காரன் விழித்துக்கொண்டான். கழுவியது யார் என்பதில் மர்மமில்லை. மர்மம் வேறு: இரண்டாம் மாதத்திலிருந்து சுலக்சனா வேண்டுமென்றே நாளை மாற்றி மாற்றி வந்தாள். ஒரு மாதம் எட்டாம் திகதி, அடுத்த மாதம் இருபத்தோராம் திகதி. யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் வருகிற காலையில் இருபது வீடும் தயார். முற்றம் கூட்டியிருக்கும். சீனி வாங்கியிருக்கும். பீங்கான் ஈரம் காயாமல் இருக்கும்.

அப்படியானால், நாளைச் சொன்னது யார்?

முதல் சந்தேகம் ஓட்டோக்காரன் நெய்னார் மேல். சந்தியிலிருந்து அவளை ஏற்றி வருகிறவன் அவன். சுலக்சனாவே ஒரு நாள் பாதி வழியில் கேட்டுவிட்டாள்.

"நெய்னார் அண்ணா, உண்மையைச் சொல்லுங்கோ. நான் வாறனெண்டு நீங்களோ ஊருக்குச் சொல்லுறது?"

நெய்னார் ஓட்டோவை ஓரம் கட்டினான். எஞ்சினை நிறுத்தினான். இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. எல்லாவற்றுக்கும் ஓட்டோவை நிறுத்தித்தான் பதில் சொல்வான்.

"மிஸ், நீங்க பஸ்ஸால இறங்கினாத்தானே நீங்க வாறதே எனக்குத் தெரியும்? இறங்கி ஏறினா பத்து நிமிசத்தில வீடு. பத்து நிமிசத்தில இருபது வீட்டுக்கு போன் எடுக்க நான் என்ன ரேடியோவா?"

"அப்ப ஆர்?"

"முதலாளியா இருக்கும். காசுள்ளவன் காத்தைக் கேட்டே சொல்லுவான்."

இன்னாசிப்பிள்ளை! எனக்கு வாயூறியது. சூளைப் புகைக்குப் பின்னால் நின்று தூரக்கண்ணாடியால் சந்தியைப் பார்க்கிற முதலாளி. பல்கலைக்கழகத்துக்குள் அவருக்கு ஓர் ஒற்றன். சிவப்பு நிறக் கார்... மூன்று பக்கம் எழுதினேன். பிறகு கிழித்தேன். அந்த மனுசனுக்கு அந்த அறிக்கை கைக்கு வரும்வரை பீங்கான் என்ற ஒன்று தன் மாடியில் இருப்பதே தெரியாது. வேலைக்காரப் பெண், 'துடைக்கச் சொன்னதைத்தானே துடைப்பன்' என்று அதை விட்டுவைத்திருந்தாள். வில்லனாக இருக்கக்கூட அக்கறை வேண்டும்.

சனம் ஏன் கழுவுகிறது என்பதைச் சுலக்சனா பேருந்தில் திரும்பும்போதுதான் கண்டுபிடித்தாள். கழித்து வந்த மிச்சத்தை மறுபடி பார்த்தாள். கணக்கு எல்லா இடத்திலும் பிழைக்கவில்லை. கூரையைப் பார்த்துப் பிழைத்திருந்தது. ஓட்டுக்கு அடியில் சரி, தகரத்துக்கும் சீற்றுக்கும் அடியில் பிழை. காற்று கூரை பார்த்து வீசாது. வெட்கம்தான் கூரை பார்க்கும். ஊருக்குள் வருகிற படித்த பெண் தங்கள் வீட்டை அழுக்கென்று எழுதிக்கொண்டு போய்விடுவாள் என்ற பயம் ஓட்டு வீட்டுக்காரருக்கு இல்லை; அவர்களை யார் அழுக்கென்று சொல்லப் போகிறார்கள்? ஆறு மாதமாக அவள் புழுதியை நிறுக்கவில்லை. வெட்கத்தை நிறுத்திருக்கிறாள், மில்லிகிராம் சுத்தமாக.

கண்டுபிடிப்புத்தான். ஆனால் வெட்கத்துக்கு யார் கையெழுத்து வைப்பார்கள்?

6

இனிக் கிணற்றடிக்குத் திரும்பலாம். செப்ரெம்பர், கடைசி மாதம். அன்று சுலக்சனா வழக்கமான பஸ்ஸை விட்டு, விடிய வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தாள். அதனால்தான் நுரையோடு பிடிபட்டாள் றைஸா.

"இப்ப நான் கண்ணால கண்டிட்டன் றைஸாக்கா. இனி இல்லையெண்டு சொல்லேலாது."

"கழுவல்ல மிஸ். அலம்பினன்."

"சவர்க்காரம் போட்டோ?"

"சவர்க்காரம் போடாட்டி இந்தக் கரி போகுமா? சூளைக் கரி லேசில போகாது," என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று விளங்கி வாயைப் பொத்தினாள்.

சுலக்சனா மணலிலேயே உட்கார்ந்தாள். பையிலிருந்து கடதாசியை எடுத்தாள். 'என் வீட்டில் வைக்கப்பட்ட பீங்கானை ஒவ்வொரு மாதமும் நான் கழுவி வைத்தேன்.' ஒரே வரி. கீழே பெயர், கையெழுத்து.

"இதில வையுங்கோக்கா. உங்கட சுவாசத்துக்காகச் சொல்லுறன். ரண்டு சூளைக்கே இப்பிடி இழுக்குது. நாலு வந்தா?"

றைஸா கடதாசியை வாங்கவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வீட்டு வாசலைப் பார்த்தாள். உள்ளே மகள் தையல் மெசினை மிதிக்கிற சத்தம்.

"மிஸ், கரைத்தீவில இருந்து புள்ளைக்குக் கேட்டு வந்திருக்காங்க. நல்ல இடம். அவங்க வந்த அண்டைக்கு நான் சுபஹுத் தொழுகைக்கு முதல் எழும்பி, கூரை மேல ஏறி, தகரத்தக் கழுவினன். கூரைய! இந்த இழுப்போட. ஏன் கழுவினன்? கரிக்கார ஊருண்டு சொல்லுவாங்க. இதில நான் கையெழுத்து வெச்சா, என்ட வீட்டுல இவ்வளவு கரிண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அது அரசாங்கக் கந்தோர்ல கிடக்கும். நாளைக்கு ஆராவது எடுத்துப் பார்ப்பாங்க."

"ஆரும் எடுத்துப் பாக்க மாட்டினம் அக்கா."

"எடுத்துப் பார்க்காத கடதாசிக்கு என்னத்துக்கு மிஸ் கையெழுத்து?"

சுலக்சனா கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தாள். நான்கு நாள் யோசித்தேன், அவளுக்கு ஒரு நல்ல பதில் எழுதிக் கொடுக்க. பாத்திரம் எழுத்தாளனை வாதத்தில் தோற்கடித்தால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கேட்ட மற்ற வீடுகளிலும் அதே கதை, அதே தேத்தண்ணி. ஒரு வீட்டில் கையெழுத்துக்குப் பதிலாகக் கருவாடு கட்டிக் கொடுத்தார்கள்.

7

முடிவுகள். மூன்று தயாராக இருக்கின்றன, ஆசிரியர் விரும்பியதை எடுக்கலாம்.

(அ) திங்கட்கிழமை. அதிகாரி முத்திரை குத்தக் கையை ஓங்குகிறார். கதவு படாரென்று திறக்கிறது. வாசலில் றைஸா, அவளுக்குப் பின்னால் பத்தொன்பது பெண்கள், கையில் இருபது கறுத்த பீங்கான்கள்! "இதக் கழுவினது நாங்க!" [கழுவிய பீங்கான் எப்படிக் கறுப்பாக இருக்கும் என்று கேட்காதீர்கள். பஸ்ஸுக்குள் யாரும் கேட்க மாட்டார்கள். றைஸா இவ்வளவு தூரம் மூச்சிரைக்காமல் படியேற மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.]

(ஆ) இன்னாசிப்பிள்ளை மனம் திருந்துகிறார். மாதா கோவில் மணி அடிக்கிற நேரம், அவர் மெதுவாகத் தன் மாடியிலிருந்த பீங்கானை... இல்லை. இதை எழுதும்போது என் பேனாவே சிரித்தது.

(இ) சுலக்சனா, றைஸாவின் கையெழுத்தைத் தானே போடுகிறாள். இது நடக்கக்கூடியது. அவள் பேனாவைத் திறந்து, கடதாசியைத் தொடையில் விரித்து, 'றை' வரை எழுதினாள். ஆனால் எண்ணைத் திருத்தாத பெண் பெயரைத் திருத்துவாளா? கடதாசியைக் கிழித்து, இன்னொன்று எடுத்தாள்.

மூன்றும் பொய். மூன்றும் எனக்கு வசதியான பொய். ஏனென்றால் மூன்றிலும் கையெழுத்து வைக்க வேண்டிய ஆள் வேறு யாரோ.

8

இன்று ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி. புதிய கடதாசி என் மேசை மேல் கிடக்கிறது, இந்தக் கதையின் கையெழுத்துப் பிரதிக்குப் பக்கத்தில். சுலக்சனா மத்தியானம் கொண்டுவந்து தந்தாள்.

"பத்திநாதர் அண்ணை, உங்களை ஊரில எல்லாரும் மதிக்கினம். ஆராவது ஒராளிட்டை வாங்கித் தாங்கோ. விடிய ஆறு மணிக்கு வந்து எடுக்கிறன்."

"பாப்பம் பிள்ளை," என்றேன்.

ஆராவது ஒராள். தாழைமுனையில் எனக்கும் ஒரு வீடு இருக்கிறது. சீற் கூரை, மன்னாரிலிருந்து வந்து போட்டது. தாயத்தில் பத்தொன்பதாம் நிரை. என் பீங்கானை ஆறு மாதமும் கழுவியவன் நான். பத்திரிகையில் படம் வருகிற மனுசனின் வீட்டில் கரி என்று ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு போவதா? அவள் என்னை இன்னும் கேட்கவில்லை. படித்தவர் கழுவியிருக்க மாட்டார் என்று நினைக்கிறாள். என் நிரையில் இரண்டு மில்லிகிராம் இருப்பதைப் பார்த்துக்கொண்டே அப்படி நினைக்கிறாள்.

எனக்குக் கட்டிக் கொடுக்க மகள் இல்லை. சூளையில் வேலை இல்லை. கையெழுத்து வைத்தால் ஒரு குடியும் கெட்டுப்போகாது. வைத்துவிடலாம். ஆனால் வைத்தவுடன் அவள் இரண்டாவது கேள்வி கேட்பாள்: "நான் வாற நாள் உங்களுக்கு எப்பிடித் தெரியும் அண்ணை?" அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஏழு பகுதி எழுதினேன். நெய்னாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன், முதலாளிக்குச் சிவப்புக் கார் வாங்கிக் கொடுத்தேன்.

இந்த இதழ் கடைக்கு வருவது வியாழக்கிழமை. விசாரணை நாளைக்கு. ஆகவே இங்கே நான் எதை ஒப்புக்கொண்டாலும் அது றைஸாவுக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. உதவக்கூடியது மேசை மேல் கிடக்கிற மற்றக் கடதாசி மட்டும்தான். நான் அதில் என்ன செய்தேன் என்பதை எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் நம்பவும் கூடாது. அடுத்த வருடம் சோளகம் தொடங்கியபின் அந்தப் பக்கம் போனால், மதுரங்குளிச் சந்தியில் இறங்கிக் களப்புப் பக்கம் பாருங்கள். எத்தனை இடத்தில் புகை எழும்புகிறது என்று நீங்களே எண்ணுங்கள். இரண்டா, நாலா என்பதுதான் இந்தக் கதையின் முடிவு.

இரண்டாவது கேள்விக்கு மட்டும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரலில் பலகை அடிக்க அவள் முதல் தடவை சொல்லாமல் வந்தபோது, றைஸா வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி இருக்கவில்லை. வேலிக்கு மேலால் என்னிடம் கேட்டாள், முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இந்தச் சனத்துக்கு இந்த அவமானம் இல்லையே என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் சதித்திட்டம். மழைத்தண்ணி நின்றால் பீங்கான் உதவாது. அதனால் சுலக்சனா வருவதற்கு முதல் நாள் பின்னேரம் ஒரே ஒருவருக்குத்தான் போன் எடுப்பாள். வருகிறேன் என்று சொல்ல மாட்டாள். "அண்ணை, அங்கை மழையோ?" என்று மட்டும் கேட்பாள்.

"இல்லைப் பிள்ளை, நல்ல வெய்யில்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, தகரம் பதினொன்று, சீற் எட்டு, பத்தொன்பது வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போன் எடுத்து, "நாளைக்கு மிஸ் வாறா, எல்லாத்தையும் துப்புரவாக்கி வையுங்க" என்று சொன்னது நான்.